மண் புளிக்கும் வரை

வீட்டுப் பத்திரத்தில் இந்த ஐந்து புதர்கள் இல்லை.
பின்வேலி ஓரம், இடுப்பளவு புல்லில்,
பிளாக்பெரி முள்ளுக்குள்
யாரோ கழற்றிப் போட்ட மழைக்கோட்டுகள் போல்
குனிந்து கிடந்தன.

முதல் கோடை முழுக்கப் பதினாறு பழம்.
மிளகளவு. எண்ணினேன்.
எண்ணுவதுதான் என் வேலை, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில்
இரவெல்லாம் பிறர் ரத்தத்தின் அணுக்களை.

அபட்ஸ்ஃபோர்டில் புளூபெரிச் செடி வாடுவது
உப்பளத்தில் உப்புக்குக் கடன் கேட்பது மாதிரி.
தெருக்கோடியில் சுர்ஜீத் கில்லுக்கு நாற்பது ஏக்கர்.
டிராக்டரை நிறுத்தாமலே,
"அஞ்சு செடிக்கா இவ்வளவு கேள்வி?" என்றார்.
அப்புறம் நிறுத்தினார்.
கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டி,
"இதைவிடத் தடித்ததெல்லாம் கிழடு.
அடியோடு வெட்டு."

பிப்ரவரி. மழை என்றும் சொல்ல முடியாத மழை.
பாசி வெளுத்த தண்டுகளை ஒவ்வொன்றாய்
விரலோடு வைத்துப் பார்த்தேன்.
என் விரல் சின்னது.
கூடுதலாகவே வெட்டிவிட்டேன்.

மண்ணைக் கரைத்துத் தாளைத் தோய்த்தால்
ஆறு புள்ளி எட்டு.
"இனிப்பு மண். இதுக்குப் புளிப்புதான் ரொட்டி"
என்றார் கில்.
கண்ணை மூடிக்கொண்டு ரசம் வைப்பவள் நான்.
மண்ணைப் புளிக்க வைக்கத் தெரியவில்லை.

மார்ச்சில் பென்னரின் மகள் வந்தாள்,
இன்னும் இங்கேயே வந்துகொண்டிருக்கும்
அப்பாவின் கடிதங்களுக்காக.
ஜன்னல் வழியே பார்த்து,
"அம்மா நட்டது" என்றாள்.
அம்மா போன பிறகு
சனிக்கிழமை தோறும் அப்பா
கணப்படுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிப்போய்
அதுகளின் காலடியில் கொட்டுவாராம்.
பதினோரு குளிர்காலம்.
செடிக்கு நல்லது என்று எங்கோ கேட்டிருக்கிறார்.

நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.
கத்தரிக்கு, அவரைக்கு.

தாளின் நிறத்தை அவளிடம் காட்டவில்லை.
கடிதங்களைக் கொடுத்தேன்.
தேநீர் வேண்டாம் என்றாள்.

கந்தகம் வாங்கி, கறிக்கு மஞ்சள்பொடி போல் கொஞ்சமாய்த் தூவினேன்.
பள்ளி மைதானத்துப் பைன் ஊசிகளைச்
சாக்கில் கட்டி வந்து பரப்பினேன்.
கொத்தக் கூடாது, வேர் மேலோட்டம்.
முழங்காலில் நின்று புல்லைக் கையால் பிடுங்கியதில்
இரண்டு நகம் போயிற்று.

ஏப்ரலில் பூத்தன,
தலைகீழாய்ச் சின்ன வெள்ளை மணிகள்.
"கிள்ளிப் போடு. இந்த வருஷம் வேருக்கு."
கிள்ளினேன். ஒரு டப்பா நிறையப் பூ.
ஐந்தாம் செடியில் ஒரு கொத்தை மட்டும் விட்டேன்.
உள்ளே ஒரு வண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

வேந்தனுக்கு ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல்.
இருபது நாள் அங்கே, எட்டு நாள் இங்கே.
இரவு ஒன்பதுக்கு, நான் வேலைக்குக் கிளம்புகையில், போன் வரும்.
"சாப்பிட்டியா?"
"ம்."
ஏழு வருடமாக அதே வாளி.

மே மாதம் வந்தவன்
பையைக்கூட இறக்காமல் வேலியோரம் நின்றான்.
"கொன்னுட்டியா?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எவ்வளவு நாளாயிற்று, வேறொரு கேள்வி!
அவனுக்கு எல்லாம் சொன்னேன்.
சாம்பல், விரல், பென்னர், வண்டு.
நெடுநேரம் ஆயிற்று. குழம்பு அடிப்பிடித்தது.
எட்டு நாளும் அவன்தான் தண்ணீர் விட்டான்,
தேவைக்கு மேலேயே. சொன்னேன், குறைத்துக்கொண்டான்.

ஜூலையில் கில்லின் வயலில்
எட்டு நிமிடத்துக்கொரு முறை பறவை வெடி.
குருவிகளுக்குப் பழகிவிட்டது. எனக்கும்.
விட்டுவைத்த கொத்தில் ஏழு காய்,
ராபின் நான்கைக் கொண்டுபோயிற்று.
மிச்சத்தில் ஒன்றை வாயில் போட்ட வேந்தன்
முகம் சுளித்தான்.
"புளிக்குது."

செப்டம்பரில் மறுபடி தாளைத் தோய்த்தேன்.
ஆறு புள்ளி மூன்று.
இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன,
வெட்டிய அடியிலிருந்து வந்த புதுக்குச்சிகளும்.
அதில் ஒன்று
இப்போதே என் சுண்டுவிரல் தடிமன்.